பட்டா இல்லாதவர் பங்கு

ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலை என்றொரு குன்று உண்டு. 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் மறைச்சாட்சி தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. 2022 மே 15இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம். திருப்பயணிகளாக அங்கு வருவோர் சுற்றிலும் நோக்கினால் கண்ணில் படுவன காற்றாலைகளே. முப்பந்தல் தொடங்கிக் கிழக்கே வெகுதொலைவு வரை வெண்ணிறத் தூண்கள் நிரைநிரையாய் நின்று சுழல்கின்றன. இந்த இயந்திரங்களால்தான் மலைக்கு அப்பெயர் வந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் நம்மிடம் உறுதிபடக் கூறினான். பெயர் இயந்திரங்களுக்கு மிக முந்தியது என்று அவனுக்கு விளக்கினோம். நம்பினானா என்பது தெரியவில்லை.

இந்தக் காற்றை நம் முன்னோர் வரமாகக் கருதியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் கூரை ஓலையைப் பிடுங்கி எறிவதும், வாழையைச் சாய்ப்பதும், நடப்போர் கண்ணில் மண்ணை வாரிப் போடுவதும் அதன் வேலை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரைத் தாண்ட வழி தேடிப் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடைவெளிகளில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. 1986ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டின் தென்கோடியில் முதல் காற்றாலைகள் நிறுவப்பட்டபோது ஒவ்வொன்றின் ஆற்றலும் 55 கிலோவாட் மட்டுமே. இன்று நிறுவப்படும் ஓர் இயந்திரம் அவற்றுள் நாற்பது, ஐம்பது இயந்திரங்களின் வேலையைத் தனியே செய்கிறது. தொல்லையாக இருந்த காற்று செல்வமாயிற்று. செல்வமான உடனே, அது யாருடையது என்னும் கேள்வியும் பிறந்தது.

எனினும் இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது காற்று அன்று, கதிரவன். கணவாய்க்குக் கிழக்கே உள்ள நம் பங்கின் கோவிலுக்கு 11 ஏக்கர் புஞ்சை நிலம் உண்டு. மூன்று தலைமுறைக்கு முன் ஒரு குடும்பத்தார் நேர்ச்சையாக எழுதி வைத்தது. கிணறு வற்றியபின் அதில் விதைப்பார் இல்லை. உடைமரமும் கொழுஞ்சியும் மண்டிய அந்நிலத்தில் ஆறு குடும்பங்களின் ஆடுகள் மேய்கின்றன. எப்போது தொடங்கி மேய்கின்றன என்பது ஊரில் யாருக்கும் நினைவில்லை. சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தின் ஆள் வந்தார். நிலம் முழுவதையும் 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துச் சூரிய மின்தகடுகளை நிறுவி, 2 மெகாவாட் மின்சாரம் எடுக்க விருப்பம் என்றார். அவர் சொன்ன குத்தகைத் தொகை நம் பங்கின் ஓராண்டுக் காணிக்கையைவிடப் பெரியது. நம் பள்ளியின் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது என்பதையும் வாசகர்கள் இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காற்றாலை வானத்தைப் பயன்படுத்துகிறது. அதன் காலடியில் ஆடு மேயலாம், உழவர் உழலாம். சூரியத் தகடோ நிலத்தையே மூடுகிறது. ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். சுற்றிலும் வேலி வேண்டும். 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் அமைந்தபோது அது ஏறத்தாழ 2,500 ஏக்கரை வளைத்துக்கொண்டது.

பங்குப் பேரவை கூடியது. குத்தகைத் தொகை போதுமா என்பது ஒன்றே கேள்வியாக எழும் என்று எதிர்பார்த்தோம், அவ்வாறே எழுந்தது. ஆறு குடும்பங்களுள் நான்கு நம் சபையைச் சேர்ந்தவை அல்ல. மற்ற இரண்டும் கூட்டத்துக்கு வந்து பழக்கமில்லாதவை. கூட்டம் முடிந்து வெளியே வருகையில் மூதாட்டி ஒருவர் வாசலில் நின்றிருந்தார். "சாமி, வேலி போட்டா ஆட்டுக்கு வழி விடுவாங்களா?" என்று கேட்டார். இழப்பீடு கேட்கவில்லை, எதிர்ப்பும் தெரிவிக்கவில்லை. வழி மட்டும் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

பேரவையில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார், நேர்மையானவர். அவரிடம் இதைச் சொன்னோம். "அவங்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது சாமி. நாம விட்டோம், மேய்ச்சாங்க. வேண்டாம்னு சொன்னா விலகிக்கணும். அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னது சரிதானா என்று அறிய அவரிடமே நூலை வாங்கிப் படித்தோம். அந்த வாசிப்பே இந்தக் கட்டுரையாக வளர்ந்தது.

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் பிறர் நிலத்தின்மேல் ஒருவருக்குள்ள உரிமைகளைப் பற்றியது. வழிநடை, நீர், வெளிச்சம், மேய்ச்சல் எல்லாம் அதில் வருகின்றன. வழக்காற்று உரிமைகளைப் பேசும் 18ஆம் பிரிவு, ஊர்ப் பொது மேய்ச்சல் தரையில் தன் கால்நடையை மேய்க்கும் உரிமையையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. இதைக் கண்டதும் மகிழ்ந்தோம். மறுமுறை படித்தபோது மகிழ்ச்சி போயிற்று. அந்த எடுத்துக்காட்டில் மேய்க்கும் உரிமை பெறுபவர், அவ்வூரில் நிலத்தைப் பயிரிடுபவர். இச்சட்டத்தின்படி வசதியுரிமை என்பது ஒரு நிலத்தின் பயனுக்காக வேறொரு நிலத்தின்மேல் எழுவது. உரிமை மனிதரைப் பற்றி வருவதன்று. அவர் கையிலுள்ள நிலத்தைப் பற்றி வருவது. நிலமே இல்லாதவர் கையில் ஆடு இருக்கலாம், பசி இருக்கலாம். உரிமை ஒட்டிக்கொள்ள இடமில்லை.

இன்னொரு செய்தி நம்மை மேலும் கலங்கச் செய்தது. 20 ஆண்டுகள் இடையறாது, வெளிப்படையாக, உரிமை என்னும் எண்ணத்தோடு ஒன்றைத் துய்த்து வந்தால் அது உரிமையாகும் என்கிறது 15ஆம் பிரிவு. ஆனால் உரிமையாளரின் அனுமதியால் துய்த்தது எத்தனை ஆண்டானாலும் உரிமையாகாது. அது வெறும் இசைவு. இசைவைத் தந்தவர் பெரும்பாலும் விரும்பும்போது திரும்பப் பெறலாம். ஆகவே நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தையர் அவர்களை விரட்டாமல் முகமலர்ச்சியோடு மேய்க்க விட்டார்களே, அந்த அன்புதான் அவர்களுடைய வழக்கை வலுவிழக்கச் செய்திருக்கிறது. சட்டத்தைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அனுமதியெல்லாம் உரிமையாகிவிடும் என்றால் பிறகு யாரும் யாருக்கும் அனுமதி தரமாட்டார்கள். சட்டம் அமைத்தோர் அதை எண்ணியே இவ்வாறு வகுத்திருப்பர். ஆயினும் நம்முடைய தயவு ஒரு நாள் அவர்களை வெறுங்கையராக வெளியேற்றும் கருவியாகும் என்பது அந்தப் பழைய குருக்களுக்குத் தெரிந்திருக்குமா?

பிற சட்டங்களையும் புரட்டினோம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் இவ்வகையில் ஒரு முன்னேற்றம். நிலம் இல்லாவிடினும் மூன்றாண்டுகளாக அப்பகுதியில் உழைத்துப் பிழைக்கும் கூலியாட்கள், குத்தகைக்காரர் ஆகியோரின் குடும்பங்களும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்னும் சொல்லுக்குள் வருகின்றன. சமூகத் தாக்க மதிப்பீடும் வேண்டும். ஆனால் இவையெல்லாம் அரசு நிலத்தைக் கையகப்படுத்தும்போதுதான் முழுமையாக எழுகின்றன. நிறுவனம் நேரே உரிமையாளரிடம் வந்து சிறு நிலமொன்றைக் குத்தகைக்கு எடுத்தால் அந்தக் கதவு திறப்பதே இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நிலக்கரி மின்நிலையத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டும் என்கிறது. அதன் பட்டியலில் காற்றாலையும் சூரிய மின்தகடும் இடம்பெறவில்லை. அவை தூய்மையானவை என்பதே காரணம். தூய்மையானவைதாம். ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டம் புகைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. எங்கோ ஒரு மேசையில் தீர்மானிக்கப்பட்ட ஒன்றை அவ்வூர் மக்கள் கேள்வி கேட்கும் ஒரே இடம் அது. திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் நிலக்கரி முதலியவற்றை விரைந்து கைவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதே மடலில், திட்டம் முடிவான பின்னர் அன்று, முன்னரே மதிப்பீடு நிகழ வேண்டும் என்றும், அந்த மேசையில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்றும் கூறினார். முதற்பகுதியை மேற்கோள் காட்டுவோர் பலர். இரண்டாம் பகுதி அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை.

நிறுவனங்கள் தம் இழப்பை எடுத்துரைக்க இடங்கள் உண்டு. தமிழ்நாட்டின் சூரிய மின்நிலையங்களிடமிருந்து மின்சாரத்தை முழுமையாக வாங்காமல் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது பற்றிய வழக்கில், மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டு 2இல் தீர்ப்பளித்தது. மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக அன்றி வேறு காரணங்களுக்காகக் குறைத்த மின்சாரத்துக்கு, ஒப்பந்த விலையில் 75 விழுக்காட்டை இழப்பீடாக அளிக்குமாறு அது பணித்தது. நியாயமான தீர்ப்பே. முதலீடு செய்தவரின் வெயில் வீணாகலாகாது. மின்தொகுப்பில் உற்பத்தி 15 நிமிடக் கூறுகளாகக் கணக்கிடப்படுகிறது. இழந்த கால்மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. உயரழுத்தக் கம்பி கடந்து செல்லும் நிலத்துக்கும் கணக்கு உண்டு. 2015இல் மைய அரசு வகுத்த நெறிமுறையில், கோபுரம் ஊன்றும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு என்றிருந்தது. 2024இல் அது 200 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இதுவும் நல்லதே. எல்லாம் நிலமுடையவருக்கு. ஆட்டுக்காரரின் இழப்பை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இங்கே நம் கடந்த காலத்தையும் சொல்லியாக வேண்டும். 2004இல், நாம் இளங்குருவாக வேறொரு பங்கில் இருந்தபோது, உபதேசியார் ஒருவர் கிரயப் பத்திரத்தின் நகலோடு வந்தார். காற்றாலைக்காக அவருடைய நான்கு ஏக்கரைத் தரகர் ஒருவர் கேட்டிருந்தார். காற்றாலைக்கு மவுசு ஏறியிருந்த காலம் அது. இயந்திர விலையில் 80 விழுக்காட்டை ஓராண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வரியை மிச்சப்படுத்த வருமான வரி விதிகள் இடமளித்தன. தொலைவிலுள்ள ஆலைகள்கூட நம் காற்றைத் தேடி வந்தது காற்றுக்காக மட்டுமன்று. இதெல்லாம் அன்று நமக்குத் தெரியாது. "கையெழுத்துப் போடலாமா சாமி?" என்றார். வில்லங்கம் இல்லை, அளவு சரி, சாட்சிகள் சரி என்று பார்த்து, "தாராளமாகப் போடுங்கள் ஐயா" என்றோம். அவர் மகளின் திருமணக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரியும். திருமணத்தை நடத்தி வைத்தவரே நாம்தாம். தரகர் சொன்ன விலைக்கு மறுவிலை சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஓராண்டுக்குள் பக்கத்து நிலம் ஏறத்தாழ மூன்று மடங்குக்குப் போயிற்று. அவர் ஒருபோதும் நம்மைக் குறை கூறியதில்லை. சாகும்வரை நம்மைக் காணும்போதெல்லாம் தோத்திரம் சொல்லியே சென்றார்.

பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்திருந்தோம். இருவர் மனமொத்துச் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே கூலி நீதியானதாகிவிடாது. வறுமைக்கு அஞ்சிக் கடினமான நிபந்தனையை ஏற்பவர் உண்மையில் வன்முறைக்கு ஆளாகிறார் என்பது அதன் போதனை. தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அலுவலக மேசையில் அந்தப் பத்திரம் விரிந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. சட்டம் செல்லும் என்று சொல்லும் கையெழுத்துக்கும், மனம் இசைந்தது என்று சொல்லத்தக்க கையெழுத்துக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைப் பார்ப்பது வழக்கறிஞர் வேலையன்று. நம் வேலையாக இருந்தது.

பேரவையின் இளைஞர் ஒருவர், பொறியியல் படித்தவர், நம்மை நேராகவே கேட்டார். வெப்பம் ஆண்டுக்காண்டு ஏறுகிறது. நிலக்கரியை நிறுத்தாவிட்டால் இந்த ஆறு குடும்பங்களும்தாம் முதலில் சாகும். உலகம் முழுமைக்குமான நன்மைக்கு முன் பத்து இருபது ஆடுகளை நிறுத்தலாமா என்றார். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியுள்ளது என்று நம் உச்ச நீதிமன்றமே 2024 மார்ச்சு 21இல் கூறியிருக்கிறது. கானமயில் என்னும் அருகிவரும் பறவையைக் காக்க மின்கம்பிகளைப் புதைப்பது பற்றிய வழக்கு அது. 2021இல் தான் இட்ட ஆணையை, சூரிய ஆற்றலுக்கு அது பெருந்தடையாகும் என்று உணர்ந்து நீதிமன்றம் தளர்த்தியது. ஆகவே ஒரு பக்கம் பேராசையும் மறுபக்கம் ஏழ்மையும் நிற்பதாக இதை எழுதினால் அது பொய்யாகும். இரு பக்கமும் உரிமைகள் நிற்கின்றன.

அந்த இளைஞருக்கு நார்வே நாட்டின் ஃபோசன் தீபகற்பத்தில் நடந்ததைக் கூறினோம். ரோவான், ஸ்டோர்ஹையா என்னும் இரண்டு காற்றாலைத் தொகுதிகள் அங்கே 151 இயந்திரங்களோடு எழுந்தன. அது சாமி இனத்தாரின் கலைமான்கள் குளிர்காலத்தில் மேயும் நிலம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இயந்திரங்கள் எழுந்து சுழலத் தொடங்கின. கீழுள்ள நீதிமன்றம், மேய்ச்சல் போனால் மான்களை அடைத்துத் தீவனம் போடலாமே என்று கருதி, அதற்கான பெருந்தொகையை இழப்பீடாக விதித்தது. 2021 அக்டோபர் 11இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 11 நீதிபதிகளும் ஒருமனமாய் அந்த உரிமங்கள் செல்லாதவை எனத் தீர்த்தது. சிறுபான்மையோர் தம் பண்பாட்டில் வாழும் உரிமையைக் காக்கும் 1966ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் 27ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. அடைத்து வைத்த மானுக்குத் தீவனம் போடுவது, மேய்ச்சல் வாழ்வுக்கு ஈடாகாது என்று அது கண்டது. தூய ஆற்றலின் தேவையை நீதிமன்றம் மறுக்கவில்லை. அத்தேவையை மேய்ப்பரை இவ்வளவு வருத்தாத வேறு இடங்களிலும் நிறைவேற்றியிருக்கலாமே என்று கேட்டது.

தீர்ப்பு வந்தபின்னும் இயந்திரங்கள் நிற்கவில்லை. உரிமம் செல்லாது; ஆனால் இறக்கை சுழன்றது. 500 நாள்கள் கடந்தபோது, 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஆசுலோ நகரில் ஆற்றல் அமைச்சகத்தின் வாசலிலே அமர்ந்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இரு மேய்ப்பர் குழுக்களோடும் உடன்பாடு எட்டப்பட்டது. இயந்திரங்கள் நிலைத்தன, மேய்ப்பருக்கு ஆண்டுத் தொகையும் வேறு குளிர்கால மேய்ச்சல் நிலமும் ஒப்புக்கொள்ளப்பட்டன. முதலில் கேட்டிருந்தால் என்ற சொல்லைத் தவிர நமக்கு இங்கே வேறு எதுவும் தோன்றவில்லை. எழுந்துவிட்ட கோபுரத்தின் முன் எந்த நீதிமன்றமும் பாதி வலிமையோடுதான் நிற்கிறது.

நமக்கு அண்மையில், மன்னார்த் தீவிலும் இக்கேள்வி எழுந்தது. அங்கும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்க இந்திய நிறுவனமொன்று முன்வந்தபோது, வலசைப் பறவைகளுக்காகவும் அத்தீவின் மக்களுக்காகவும் இலங்கை உச்ச நீதிமன்றத்தை நாடியோருள் மன்னார் ஆயரும் இருந்தார். 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. இதைக் கேட்டு மகிழ்ந்த நம் நண்பர்களிடம் ஒன்றை நினைவூட்டினோம்: மன்னாருக்குத் தெற்கே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இருக்கிறது. வேறெங்கும் காற்றாலை எழாவிட்டால், மன்னாரில் சுழலாத இறக்கைக்கு ஈடாக அங்கே நிலக்கரி எரியும். அந்தச் சாம்பல் விழும் ஊர்களிலும் கோவில்கள் உண்டு, பங்கு மக்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்வதும் யாரோ ஒருவர்மேல் சுமையை ஏற்றுவதே.

குருமடத்தில் இரட்டை விளைவுக் கோட்பாட்டைப் படித்தோம். நற்செயல் ஒன்றால் நாம் விரும்பாத தீமையும் விளையுமானால், அத்தீமையை வழியாகக் கொள்ளாமலும், நன்மை அதற்கு ஈடாகும் அளவிலும் இருந்தால் அச்செயலைச் செய்யலாம் என்பது அதன் சுருக்கம். நாமும் அதை நம் நிலத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். ஆடுகளை விரட்டுவது நம் நோக்கமன்று, மின்சாரம் பெரும் நன்மை, ஆகவே குற்றமில்லை. கணக்கு எவ்வளவு எளிதாகத் தீர்ந்தது பாருங்கள்! தீர்ந்தவிதமே நமக்கு ஐயத்தைத் தந்தது. அக்கோட்பாடு நன்மையின் அளவையும் தீமையின் அளவையும் தராசில் வைக்கிறது. நன்மை யார் வீட்டுக்குப் போகிறது, தீமை யார் வீட்டுக்குப் போகிறது என்று அது தானாகக் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். மின்சாரம் நகரத்துக்கு, குத்தகைத் தொகை பள்ளிக் கூரைக்கு, வேலி ஆட்டுக்காரருக்கு.

இத்தகைய இடங்களில் மறையுரையாற்றுவோர் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் நாபோத்துக்குப் பட்டா இருந்தது. நமக்கு நினைவில் எழுந்தவர் ரூத்து. அயல்நாட்டவர், நிலமற்றவர், கைம்பெண். போவாசின் வயலில் அவர் கதிர் பொறுக்கியது போவாசின் பெருந்தன்மையால் மட்டும் என்று நாம் எண்ணுகிறோம். அவர் பெருந்தன்மையானவரே; ஆனால் வயலின் ஓரத்தை அறுக்காமலும், சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம். நிலமில்லாதவருக்குப் பிறர் நிலத்தின் ஓரத்தில் பங்கு உண்டு என்று அச்சட்டம் எழுத்தில் வைத்தது. ரூத்து தலை குனிந்து நுழைந்தாலும் இரவலராக நுழையவில்லை. 1882ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்துக்கு நிலம் கொடுக்கும் உரிமையைப் பேசுகிறது. லேவியரின் சட்டம் பசிக்கு நிலம் கொடுக்கும் உரிமையைப் பேசியது.

திருச்சபைச் சட்டமும் நம்மைச் சும்மா விடுவதாயில்லை. சபையின் உடைமைகள் எதற்காக என்று கூறும் 1254ஆம் விதி, வழிபாடு, குருக்களின் பராமரிப்பு ஆகியவற்றோடு, ஏழைகளுக்கான அன்புப் பணியையும் சேர்த்தே சொல்கிறது. குத்தகைக்கு விடுவதற்கான நெறிகளும் மேலிடத்து இசைவும் 1297ஆம் விதியில் வருகின்றன. கூரையும் பள்ளியும் ஏழைகளின் பிள்ளைகளுக்கே என்று பேரவையில் ஒருவர் வாதிட்டார். அதுவும் உண்மை. அந்த ஆறு வீடுகளின் பிள்ளைகளும் அப்பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

மீண்டும் வழக்கறிஞரிடம் சென்றோம். ஆட்டுக்காரருக்குச் சட்டம் உரிமை தரவில்லை என்பது புரிகிறது. நாம் தருவதைச் சட்டம் தடுக்கிறதா என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் நம்மைப் பார்த்தார். "இல்ல சாமி. ஆயர் ஒத்துக்கிட்டா, எழுதிக் கொடுத்து, பதிவு பண்ணிடலாம். இதுவரைக்கும் என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்ல" என்றார். பதிவு செய்த மேய்ச்சல் உரிமை, பின்னால் வரும் பங்குத்தந்தையின் மனநிலையைப் பொறுத்ததன்று. நம்மைவிடக் கனிவானவர் வந்தாலும், கண்டிப்பானவர் வந்தாலும், அந்தத் தாள் பேசும்.

பேரவை இரண்டு மாலைகள் வாதிட்டது. இறுதியில், 7 ஏக்கரை நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவது, கிணற்றையொட்டிய 4 ஏக்கரையும் பழைய வண்டிப் பாதையையும் அதே 28 ஆண்டுகளுக்கு ஆறு குடும்பங்களின் பெயரில் மேய்ச்சல் உரிமையாக எழுதி வைப்பது என்று முடிவாயிற்று. மூவர் ஒப்பவில்லை; அவர்களுடைய காரணங்களையும் ஆயர் இல்லத்துக்கு எழுதும் கடிதத்தில் சேர்த்திருக்கிறோம். தகடுகளுக்கு இடையே வளரும் புல்லையும் மேய விடலாமா என்று நிறுவனத்தாரைக் கேட்டோம். வெளிநாடுகளில் செம்மறிகளை அவ்வாறு விடுகிறார்கள். அந்த மூதாட்டியோ, செம்மறி தலை நிமிராமல் மேயும், வெள்ளாடு தகட்டின்மேல் ஏறி நிற்கும், அதை உள்ளே விடாதீர்கள் என்று நிறுவனத்தின் பக்கம் நின்று நமக்கு அறிவுரை கூறினார்.

பத்திரத்தில் சேர்க்கப் பெயர்களைக் கேட்டார் வழக்கறிஞர். ஆறு குடும்பத்தாரும் தத்தம் அட்டைகளைக் கொண்டு வந்தனர். மூதாட்டியின் பெயர் குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. தம் பெயரில் பத்திரம் ஒன்று எழுதப்படும் நாள் வரும் என்று யாரும் எண்ணாததால், இதுவரை அதைத் திருத்தத் தேவையிருந்ததில்லை. இ-சேவை மையத்துக்கு இரண்டு முறை சென்று வந்துவிட்டார். கைரேகை பதியவில்லை என்று மூன்றாம் முறை வரச் சொல்லியிருக்கிறார்களாம். 7 ஏக்கரில் தகடு நிறுவுவது கட்டுப்படியாகுமா என்று பார்த்துச் சொல்வதாக நிறுவனம் கூறியிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வரும் வியாழனன்று மூதாட்டியோடு மையத்துக்கு நாமும் போவதாகச் சொல்லியிருக்கிறோம்.